பிரேக் அடித்தால் அணையும் விளக்கு

எரியவில்லை. பிக்கப்பின் சொந்த விளக்குகள் எல்லாம் ஒழுங்காக எரிகின்றன, அவற்றை மறைத்துக்கொண்டு பின்னால் கொக்கியில் மாட்டியிருக்கிற ஜெனரேட்டர் டிரைலரின் விளக்குகள்தான் எரியவில்லை, பார்க் லைட்டும் இல்லை, பிரேக் லைட்டும் இல்லை, இண்டிகேட்டர் மட்டும் கடனே என்று மங்கலாக மினுக்குகிறது, அதுவும் என்னைக் கேலி செய்கிற மாதிரி. மணி மூன்று. ஆறு மணிக்குள் காங்கேயம் மண்டபத்தில் ஜெனரேட்டரை இறக்கி நிறுத்த வேண்டும், இருட்டுவதற்கு முன்னால் போய்ச் சேர வேண்டும், இருட்டில் டிரைலரை இழுத்துக்கொண்டு போவதில்லை என்று போன வருஷத்திலிருந்து ஒரு வைராக்கியம், அதை வைராக்கியம் என்று வெளியே சொல்லிக்கொள்கிறேன், பயம் என்று சொல்வதுதான் சரி. இந்த வேலைக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒருவர் சீட்டில் உட்கார்ந்து பிரேக்கை மிதிக்க, இன்னொருவர் பின்னால் நின்று எரியுது, எரியல என்று சொல்ல. அந்தப் பின்னால் நிற்கிற ஆள் கோகிலாதான், கல்யாணமான நாளிலிருந்து அவள்தான், இன்றைக்கு அவள் தாராபுரத்தில் தங்கை மகள் சீருக்குப் போய்விட்டாள். அதனால் சீட்டுக்கும் பிரேக் பெடலுக்கும் நடுவே ஒரு விறகுக் கட்டையை முட்டுக் கொடுத்துவிட்டு, இறங்கி, கொட்டகைக்குள் ஓடி, பார்த்துவிட்டு, மறுபடி ஓடி வந்து கட்டையை எடுத்து, நாற்பத்தேழு வயதில் எனக்கு நானே ஓட்டப்பந்தயம் நடத்திக்கொண்டிருக்கிறேன். டிரைலர் கொட்டகையின் இருட்டுக்குள் இருப்பது ஒரு வசதி, பகலிலும் விளக்கு தெரியும், பின்னால் சுண்ணாம்பு அடித்த சுவரில் சிவப்பு விழும். இப்போது சுவர் வெள்ளையாகவே இருக்கிறது.

பியூஸைப் பார்த்தேன், நன்றாக இருக்கிறது. ஏழு பின் சாக்கெட்டைக் கழற்றி, பச்சை பிடித்திருந்த பின்களை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினேன், அப்படியும் இல்லை. டெஸ்ட் லாம்பை எடுத்து, அது ஒன்றும் பெரிய கருவி இல்லை, ஒரு பல்ப், இரண்டு ஒயர், ஒரு முனையை பிக்கப் பாடியில் கடிக்கவைத்து மறுமுனையைச் சாக்கெட்டில் வைத்தால் பல்ப் பளிச்சென்று எரிகிறது. ஆக கரண்டு வண்டியைத் தாண்டி வந்துவிட்டது. வந்த கரண்டு டிரைலருக்குள் நுழைந்து என்னதான் செய்கிறது. நான்கு நாளைக்கு முன்னால் ஆயுத பூஜைக்கு இதே டிரைலரைப் புதுப்பெண் மாதிரி ஆக்கி வைத்தேன். பூஜைக்கு வண்டியில் ஒரு பொட்டுத் துரு தெரியக் கூடாது எனக்கு. மற்றவர்கள் போல்ட்டைச் சுற்றி பிரஷ்ஷை இழுத்துவிட்டுப் போவார்கள், நான் ஒவ்வொரு போல்ட்டாகக் கழற்றி, அடியிலும் பெயிண்ட் அடித்து, காயவைத்து, மறுபடி பூட்டுவேன். இரண்டு கோட்டிங். கொக்கியில் மாட்டுகிற வளையம், அதைத் தாங்குகிற தட்டு, பாதுகாப்புச் சங்கிலி, எல்லாவற்றுக்கும் சில்வர் எனாமல். பிறகு கழுவி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, பூசணிக்காய் உடைத்து, பொரி கடலை வாங்க வந்தவர்கள் எல்லாம் என்ன திருமூர்த்தி புது டிரைலரா என்று கேட்டால் இல்லீங்க பழசுதானுங்க என்று சொல்லும்போது ஒரு சுகம். போன வருஷமும் அப்படித்தான் கேட்டார்கள். போன வருஷமும் அந்தச் சுகம் இருந்தது. அதிலிருந்து எட்டாம் நாள்தான், இல்லை, அதை இப்போது நினைக்க வேண்டாம், ஒயரைப் பார்.

நினைக்க வேண்டாம் என்றால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. எட்டாம் நாள் சாயங்காலம் ஆறரை மணி, மில்லைத் தாண்டி தாராபுரம் ரோட்டில் வருகிறேன், ஒரு செம்மறிக் கூட்டம் ரோட்டைக் கடக்கிறது, பிரேக்கை மிதித்தேன், நன்றாகத்தான் மிதித்தேன், பின்னால் ஒரு சத்தம். டிரைலரின் மூலையில் ஒரு மொபெட் சொருகிக் கிடந்தது, பக்கத்தில் எங்கள் ஊர் வையாபுரி அண்ணன். பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்த மனிதர். வலது கால் முழங்காலுக்குக் கீழே போய்விட்டது. ஆஸ்பத்திரியில் நினைவு வந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை, "வண்டி லைட்டு எரிஞ்சிட்டேதான் போச்சு. பிரேக் அடிச்சதும் அணைஞ்சு போச்சு." அதையே போலீஸில் சொன்னார், அதையே பஞ்சாயத்து ஆட்களிடம் சொன்னார். பிரேக் அடித்தால் விளக்கு எரியும், அணையுமா. அந்தக் கேள்வியை முதலில் கேட்டவன் நான்தான். ஸ்டேஷன் வாசலில் பத்துப் பேர் நிற்கும்போது கேட்டேன், "பிரேக் அடிச்சா அணையற லைட்ட எந்தக் கம்பெனிக்காரன் செய்யறான்?" என்று கேட்டேன், எல்லோரும் சிரித்தார்கள், பயத்தை உள்ளே வைத்துக்கொண்டு நானும் சிரித்தேன். அண்ணன் முன்னால் குடித்தவர், நிறுத்தி நான்கு வருஷம் ஆகியிருந்தது, அந்த நான்கு வருஷத்தை ஒரே சிரிப்பில் எல்லோரும் மறந்துவிட்டார்கள். வேன் வேலை காலால் போனது பாதி, குடிகாரன் என்ற பெயரால் போனது மீதி. இப்போது மில்லு வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்குகிற அவர் சம்சாரம் பாப்பாத்தியக்காவே அன்றைக்கு ஊரார் முன்னால், குடிச்சிருந்தா குடிச்சேன்னு ஒத்துக்க, எதுக்கு இந்தப் பொய்யி என்று அழுதது. இன்றுவரை எங்கள் ஊரில் கரண்டு போனால் யாராவது ஒருவர் சொல்வார், யாரோ பிரேக் அடிச்சுட்டாங்கடோய் என்று. நான் ஜெனரேட்டர்காரன், கரண்டு போகிற இடத்தில்தான் எனக்குப் பிழைப்பு, ஒவ்வொரு மண்டபத்திலும் அது என் காதில் விழும். விழுந்தால் நானும் ஒரு சிரிப்புச் சிரித்துவைப்பேன்.

வெயில் முதுகைச் சுடுகிறது. கதவுக் கைப்பிடியைத் தொட முடியவில்லை. வண்டியை ஒரு முழம் முன்னால் எடுத்தால் முருங்கை நிழலாவது விழும், கட்டையை எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்து நகர்த்தினேன், அவ்வளவுதான், வேறொன்றும் செய்யவில்லை, கண்ணாடியில் பார்க்கிறேன், கொட்டகைச் சுவர் சிவந்திருக்கிறது. எரிகிறது. பார்க் லைட் இரண்டும் ஜம்மென்று எரிகிறது. எந்த ஒயரோ எங்கேயோ லூசாக இருந்திருக்கிறது, அசைந்ததும் சேர்ந்துகொண்டது, இதுதான் இந்தத் தொழிலில் பெரிய எரிச்சல், தேடும்போது ஒளிந்துகொள்ளும், விட்டுவிட்டால் தானே வந்து நிற்கும். போதும். கிளம்பினால் ஐந்தரைக்கு காங்கேயம். ஸ்பேனர்களைத் துணியில் சுருட்டலாம் என்று கிளட்சையும் பிரேக்கையும் மிதித்தேன், வண்டி நின்றது. கொட்டகைத் தரை மழைத்தண்ணீர் வடிய வாசலைப் பார்த்துச் சரிவாகப் போட்ட தரை, வண்டி நின்றதும் டிரைலர் மெதுவாக முன்னால் உருண்டு வந்து டொக்கென்று பிக்கப்பை இடித்தது. கண்ணாடியில் சுவர் வெள்ளையாகிவிட்டது.

கால் பிரேக்கில் இருக்கிறது. கால் பிரேக்கில் இருக்கும்போது சுவர் இன்னும் அதிகமாகச் சிவக்க வேண்டும். கண்ணில் வெயில் அடித்த கோளாறு என்று நினைத்துக் கண்ணைத் தேய்த்துக்கொண்டேன். பிரேக்கை விட்டு ஒரு முழம் முன்னால் எடுத்தேன், சுவர் சிவப்பு. பிரேக், டொக், வெள்ளை. மறுபடி எடுத்தேன், சிவப்பு. மறுபடி பிரேக், டொக், வெள்ளை. லைட்டு எரிஞ்சிட்டேதான் போச்சு. பிரேக் அடிச்சதும் அணைஞ்சு போச்சு. யார் சொன்னது, இந்த வண்டிக்குள் யார் பேசியது. ரேடியோவைக்கூடப் போடவில்லை நான். இல்லை, இது இந்த வருஷத்துக் கோளாறு, போன வருஷம் வேறு, போன வருஷம் கிளம்பும்முன் சோதித்துப் பார்த்தேனே, கோகிலா பின்னால் நின்று எரியுது மாமா என்று சொன்னாளே, அவளுக்குப் பொய் சொல்ல வராதே. அவளை எங்கே நிற்க வைத்தேன். கொட்டகையில் இல்லை. கேட்டில். வண்டியைக் கேட்டு வரைக்கும் ஓட்டிப் போய், ரோட்டுக்கு ஏறுகிற மேட்டில் நிறுத்தி, அங்கே வைத்துத்தான் ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். மேட்டில் நின்றால் டிரைலர் பின்னுக்குத் தொங்கும். இழுத்த மாதிரியே இருக்கும். வேண்டாம், நீயாக எதையாவது கோர்க்காதே, இறங்கிப் போய்ப் பார்.

இறங்கி, குப்புறப் படுத்து, கொக்கிக்கு அடியில் தலையை விட்டுப் பார்த்தேன். பிக்கப்பின் கொக்கியில் செங்குத்தாக ஒரு இரும்பு முளை, அதில் டிரைலரின் வளையம். வண்டி இழுக்கும்போது முளை வளையத்தின் முன்பக்கத்தில் உரசும், அந்த இடத்தில் நான் அடித்த பெயிண்ட் தேய்ந்து இரும்பு வெள்ளிக்காசு மாதிரி மின்னுகிறது. பிரேக் அடித்தால் டிரைலர் முன்னால் ஓடி வந்து வளையத்தின் பின்பக்கம் முளையில் முட்டும், அந்தப் பக்கம் பெயிண்ட் அப்படியே இருக்கிறது, அதன்மேல் கிரீஸ் வேறு, அடித்தட்டிலும் பெயிண்ட், சங்கிலியிலும் பெயிண்ட். ஆக, இழுத்தால் இரும்போடு இரும்பு, பிரேக் அடித்தால் பெயிண்டோடு இரும்பு. பெயிண்ட் கரண்டை விடாது, டிரைலர் விளக்குகளில் எரிந்த கரண்டு வண்டிக்குத் திரும்புகிற எர்த் இந்த வளையம் வழியாகத்தான் போய்க்கொண்டிருக்கிறது. அப்படிப் போகக் கூடாது, எர்த்துக்குத் தனி ஒயர் இருக்கிறது, கறுப்பு ஒயர், டிரைலர் சட்டத்தில் ஒரு போல்ட்டில் பூட்டியிருக்கிறது. அந்தப் போல்ட்டை ஸ்பேனரால் திருப்பினேன், கழன்று கையில் வந்தது, அடியில் பளபளவென்று இரண்டு கோட்டிங் சில்வர் எனாமல். நான்தான். வேறு யாருமில்லை. கழற்றி, அடியிலும் பெயிண்ட் அடித்து, காயவைத்து, பூட்டினவன். அரைகுறையாக வேலை செய்கிறவனாக இருந்திருந்தால் இந்த இடத்தில் இரும்பு இருந்திருக்கும், கரண்டு போயிருக்கும், ஒரு மனிதனுக்குக் கால் இருந்திருக்கும். போன வருஷமும் இதே போல்ட், இதே பெயிண்ட், எட்டே நாள்தான் ஓடியிருந்தது, பின்பக்கம் தேய நாள் பற்றவில்லை. அப்புறம் டிரைலர் ஸ்டேஷனில் மூன்று மாதம் மழையில் கிடந்து, அங்கேயும் இங்கேயும் இழுபட்டு, எல்லாம் தேய்ந்த பிறகு சோதனை அதிகாரி வந்து, நிற்கிற வண்டியில் விளக்கு போட்டுப் பார்த்து, குறையில்லை என்று எழுதினார். அவர்மேல் தப்பில்லை, எரிந்தது. கோகிலா மேலும் தப்பில்லை, எரிந்தது. எரியவில்லை என்று சொன்ன ஒரே ஆள் எரியாத அந்த ஒரு நொடியில் பின்னால் இருந்தவர்.

உப்புத்தாள் கையிலேயே இருக்கிறது. இது இரண்டு நிமிஷ வேலை. போல்ட்டுக்கு அடியில் தேய்த்து, ஒயரைப் பூட்டினால், விளக்கு பிரேக்கிலும் எரியும், நான்கு மணிக்குக் கிளம்பினால் காங்கேயம், பெயிண்ட் தூள் காற்றில் போய்விடும், அதோடு இந்த விஷயமும் போய்விடும், என்னைத் தவிர இதை யார் பார்த்தது. எங்கள் பக்கம் காற்றுக்கும் குறைவில்லை, காற்றாலைகள் எல்லாம் தலைக்குமேல் சுற்றிக்கொண்டுதான் இருக்கின்றன. கேஸ் இன்னும் முடியவில்லை, வக்கீல் வாயைத் திறக்காதே என்று சொல்லியிருக்கிறார், பிள்ளை காலேஜில் படிக்கிறான், லைசென்ஸ் போனால் என்ன செய்வேன். தாளைப் போல்ட் துவாரத்தின்மேல் வைத்தேன். வைத்த கை தேய்க்கவில்லை. பால் சொசைட்டிக்கு எதிரே அண்ணன் அக்குள்கட்டையை ஊன்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பார், நான் வண்டியில் போனால் முகத்தைத் திருப்ப மாட்டார், நேராகப் பார்ப்பார், கோபம்கூட இருக்காது அந்தப் பார்வையில். யோசித்து யோசித்து அவருக்கே சந்தேகம் வந்திருக்குமோ, நாம் பார்த்தது நிஜம்தானா, ஒருவேளை நாம்தான் சரியில்லையோ என்று ஒரு வருஷமாகத் தன் கண்ணையே நம்பாமல் உட்கார்ந்திருக்கிறாரோ. கோகிலாவுக்குப் போன் போட்டேன், சீர் வீட்டு மைக் சத்தத்துக்கு நடுவே எல்லாவற்றையும் சொன்னேன். அவள் மைக் சத்தத்தை விட்டு வெளியே வந்தாள். பிறகு, "நான் எரியுதுன்னுதான மாமா சொன்னேன். எரிஞ்சுதுங்க" என்றாள். "எரிஞ்சுது கோகிலா. நீ சொன்னது நெசந்தான்" என்றேன். அழுகிறாள் என்று தெரிந்தது. "அவரும் நெசத்தத்தான சொல்லீருக்காரு" என்றாள், மூக்கை உறிஞ்சினாள், "கேஸு எப்படியோ போகட்டும். அவரக் கூப்புடுங்க மாமா. சரி பண்ணறதுக்கு முந்தி கூப்புடுங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். உப்புத்தாளைச் சட்டைப்பையில் போட்டு, ஒயரைப் பழையபடி பெயிண்ட்டின் மேலேயே வைத்துப் போல்ட்டைப் பூட்டினேன். இத்தனை வருஷத்தில் ஒரு கோளாறை இவ்வளவு கவனமாகத் திரும்பப் பூட்டியது இதுதான் முதல் தடவை. மண்டபத்துக்காரருக்குப் போன் போட்டு வேறு ஜெனரேட்டர் பார்த்துக்கொள்ளச் சொன்னேன், அவர் திட்டினார், வாங்கிக்கொண்டேன்.

அண்ணன் நம்பர் என் போனில் இருக்கிறது, வேன் ஓட்டின காலத்தில் போட்டு வைத்தது. மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்காவிட்டால் நல்லது என்று ஒரு புத்தி, எடுத்துவிட்டார். "அண்ணா, நான் திருமூர்த்தி" என்றேன். "எந்தத் திருமூர்த்தி?" என்றார். எங்கள் ஊரில் வேறு திருமூர்த்தி இல்லை. "ஜெனரேட்டர் திருமூர்த்திங்க." பின்னால் ஒரு மாடு கத்தியது. "ஊட்டு வரைக்கும் ஒரு எட்டு வர முடியுங்களா, நான் வேணா வண்டில வந்து கூட்டிட்டு வர்றனுங்க." எதுக்கு என்றார். எப்படிச் சொல்வது என்று ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது. "டிரைலருக்குப் பின்னால நின்னு லைட்டு எரியுதா இல்லியான்னு பாத்துச் சொல்ல ஆளில்லீங்க." "என்னயவா கேக்கற?" என்றார். "உங்களத்தானுங்க கேக்கறேன்." கூட்டிக்கொண்டு வர வேண்டாம், நானே வருகிறேன் என்று வைத்துவிட்டார். இரண்டு தெருதான், அவருக்கு இருபத்தைந்து நிமிஷம் ஆனது, கேட்டில் நின்றுகொண்டு அந்த இருபத்தைந்து நிமிஷத்தையும் நான் பார்த்தேன், கட்டை, கால், கட்டை, கால். சாய்வான இடத்தில் கையைப் பிடிக்கப் போனேன், தள்ளிக்கொண்டார். வளையம், பெயிண்ட், போல்ட் என்று விளக்கம் சொல்ல ஆரம்பித்தேன். "அதெல்லாம் எனக்கெதுக்குப்பா. லைட்டப் போடு" என்று கொட்டகைக்குள் போய் டிரைலருக்குப் பின்னால், சுவரில் சாய்ந்து நின்றுகொண்டார்.

சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். என் முதுகுக்குப் பின்னால் அவர் இருக்கிறார், அன்றைக்கும் அப்படித்தான் இருந்திருக்கிறார், எனக்குத்தான் தெரியவில்லை. பார்க் லைட்டைப் போட்டு ஒரு முழம் முன்னால் எடுத்தேன். "எரியுதுங்களா?" என்றேன். "எரியுது" என்று குரல் வந்தது, ஸ்டேஷனில் கேட்ட அதே குரல்தான். பிரேக்கை மிதித்தேன். டொக். கண்ணாடியில் பார்க்கத் தைரியம் வரவில்லை, ஸ்பீடோமீட்டரில் பூஜைக்கு வைத்த சந்தனப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இன்னொருக்கா போடு" என்றார். போட்டேன். "இன்னொருக்கா." நான்கு தடவை, ஐந்து தடவை, இடம் போதாமல் வண்டியின் மூக்கு கேட்டை நெருங்கிவிட்டது, பின்னால் எடுத்துவந்து மறுபடி போட்டேன். பிறகு கட்டைச் சத்தம் கேட்டது, ஜன்னலுக்குப் பக்கத்தில் வந்து நின்றார். கண்ணெல்லாம் சிவந்திருந்தது. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன், மன்னிச்சுக்கங்க என்பதில் பாதிதான் வெளியே வந்தது, அவர் அதைக் கேட்ட மாதிரியே தெரியவில்லை. "இதச் சரி பண்ண எத்தன நேரமாகும்?" என்றார். "ரெண்டு நிமிசமுங்கண்ணா." அவர் கேட்டுக்கு வெளியே ரோட்டைப் பார்த்தார், மணி என்ன என்று கேட்டார், ஐந்து பத்து என்றேன். கதவின் மேல், வெயில் இன்னும் இறங்காத அந்தத் தகரத்தின்மேல், கையை வைத்துக்கொண்டார்.

"பண்ணீராதப்பா" என்றார். "அஞ்சரைக்கு மில்லு வேன்ல எம்பட பொண்டாட்டி எறங்குவா. அவ வந்து பாக்கட்டும்."